பார்வை போன பிறகும் வரைந்தவர்: பினோத் பிஹாரி முகர்ஜியும் சாந்திநிகேதனும்

கல்கத்தாவில் குடியேறிய நம்மவர்களிடம் சாந்திநிகேதன் என்று சொல்லிப் பாருங்கள். மூன்று விஷயம் சொல்வார்கள்: தாகூர் வாழ்ந்த வீடு, டிசம்பர் மாதத்துப் பௌஷ மேளா, தோலில் பூவேலை செய்த கைப்பை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஹவுராவில் ரயிலேறி, போல்பூரில் இறங்கி, ஒரே நாளில் இந்த மூன்றையும் முடித்துக்கொண்டு ராத்திரி வீடு திரும்பிவிடுவோம். நானும் அப்படிப் பல தடவை போய் வந்தவன்தான்.

அதே வளாகத்தில், மாணவர் விடுதி ஒன்றின் உட்கூரையிலும் சில கட்டடங்களின் சுவர்களிலும், ஒரு மனிதரின் வாழ்க்கை வரிசையாக வரைந்து வைக்கப்பட்டிருக்கிறது. அவர் பெயர் பினோத் பிஹாரி முகர்ஜி. நம் பக்கத்து உச்சரிப்பில் சொன்னால் விநோத விஹாரி. பிறந்தது 1904, மறைந்தது 1980. இந்திய ஓவிய வரலாற்றில் பெரிய பெயர். ஆனால் நம் தமிழ் வீடுகளில் அதிகம் கேள்விப்படாத பெயர். சங்க மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று ஆசிரியர் குழு கேட்டபோது இவரைப் பற்றித்தான் எழுத வேண்டுமென்று எனக்குத் தோன்றியது. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மருந்து என்ற பேச்சு

விழா மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று இருக்கிறது: "கலை மனசுக்கு மருந்து." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மருந்து என்றால் என்ன? நோய் வந்த பிறகு கடையில் வாங்கி வருவது. மூன்று வேளை சாப்பிட்டால் குணமாவது. கலை அப்படி வேலை செய்கிறதா? துக்கம் வந்தது, ஒரு பாட்டுப் பாடினோம், துக்கம் தீர்ந்தது என்று கணக்கு எழுத முடியுமா?

வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கலையால் ஒருவர் புத்துயிர் பெற்றார் என்று நாம் சொல்லும் இடங்களில் எல்லாம், இரண்டு விஷயங்கள் முன்கூட்டியே இருந்திருக்கின்றன. ஒன்று, கைக்கு நெடுநாளாக இருந்த பழக்கம். மற்றொன்று, அந்த மனிதருக்கு ஓர் இடத்தைக் காலியாக வைத்திருந்த ஊர் அல்லது நிறுவனம். இந்த இரண்டும் இல்லாமல் வெறும் மன உறுதி மட்டும் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பது சந்தேகம். சாந்திநிகேதனின் கதை இதை நன்றாகக் காட்டுகிறது.

அடித்த வரிகளிலிருந்து பிறந்த படங்கள்

முதலில் தாகூரையே எடுத்துக்கொள்வோம். 1902-இல் மனைவி மிருணாளினி இறந்தார். 1903-இல் மகள் ரேணுகா. 1905-இல் தந்தை தேவேந்திரநாதர். 1907-இல் கடைக்குட்டி மகன் சமீந்திரநாத். ஐந்து வருஷத்துக்குள் நாலு சாவு. அந்த வருஷங்களில் அவர் பள்ளிக்கூடம் நடத்தினார், வங்கப் பிரிவினைக்கு எதிராகப் பாட்டு எழுதினார், கட்டுரை எழுதினார். 1910-இல் வங்காளி கீதாஞ்சலி வந்தது. துக்கத்தைப் பாட்டு மாற்றிவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பாட்டு எழுதும் கை துக்கத்திலும் நிற்கவில்லை என்பது வரை சொல்லலாம்.

ஓவியம் அவரிடம் வந்தது மிகவும் பிந்தி. 1924-இல் தென் அமெரிக்கப் பயணத்தில் உடல்நலம் குன்றி, அர்ஜென்டினாவில் விக்டோரியா ஒகாம்போவின் பராமரிப்பில் தங்கியிருந்தார். அப்போது எழுதிய 'பூரபி' கவிதைகளின் கைப்பிரதியைப் பார்த்தால், அடித்துத் திருத்திய வரிகள் அப்படியே விடப்படவில்லை. ஓர் அடித்தலையும் இன்னோர் அடித்தலையும் கோடு இழுத்துச் சேர்த்து, அவற்றைப் பறவையாகவும் மிருகமாகவும் இன்னதென்று சொல்ல முடியாத உருவமாகவும் ஆக்கியிருக்கிறார். 1928 வாக்கில் இந்தக் கிறுக்கல் தனி ஓவியமாக வளர்ந்தது. முறையாக ஓவியக் கல்லூரியில் படிக்காதவர். மையைத் துணியாலும் விரலாலும் தேய்த்தே வரைந்தார். 1930 மே மாதம் பாரிஸ் நகரத்தில் பிகால் கலைக்கூடத்தில் முதல் கண்காட்சி. ஒகாம்போ முன்னின்று உதவினார். அப்போது கவிக்கு வயது 69. 1941-இல் மறைவதற்குள் அவர் வரைந்தவை இரண்டாயிரத்துக்கும் மேல்.

இதில் கவனிக்க வேண்டியது, எழுத்தில் உலகப் புகழ் பெற்ற ஒருவர் தனக்குத் தெரியாத ஒரு வேலையில் அறுபது வயதுக்கு மேல் ஆரம்பப் பள்ளி மாணவனாக உட்கார்ந்தார் என்பதுதான். ஆனால் ஆரம்பித்த இடம் வெற்றிடம் இல்லை. ஐம்பது வருஷமாகப் பேனா பிடித்த கை, அதே பேனாவோடு, அதே காகிதத்தின் ஓரத்தில் வேறு பாதை கண்டுபிடித்தது.

அரைப் பார்வைப் பையன்

இப்போது பினோத் பிஹாரிக்கு வருவோம். கல்கத்தாவின் பெஹாலாவில் பிறந்தார். இன்றைக்கு மெட்ரோ போகிற அதே பெஹாலாதான். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை கிடையாது. மற்றக் கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. கரும்பலகை தெரியாத பையன் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் என்ன செய்வான்? படிப்பு தட்டுத்தடுமாறிப் போய், 1917-இல் பதின்மூன்றாவது வயதில் சாந்திநிகேதன் பள்ளியில் சேர்ந்தார். 1919-இல் தாகூர் அங்கே கலாபவனம் என்ற கலைப் பள்ளியைத் தொடங்கியதும் அதில் முதல் தலைமுறை மாணவர்களில் ஒருவரானார்.

ஆசிரியர் நந்தலால் போஸ். மாணவர்களுக்கு அவர் 'மாஸ்டர்மோஷாய்'. இந்தப் பையனைச் சேர்ப்பதில் அவருக்குத் தயக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். நியாயம்தானே? பார்வையே சரியில்லாதவனுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்து அவன் எதிர்காலத்துக்கு யார் பொறுப்பு? தாகூர் சொன்ன பதிலின் சாரம் இது: அவன் ஆர்வத்தோடு உட்கார்ந்து வேலை செய்கிறானா? செய்கிறான் என்றால் விட்டுவிடுங்கள், எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இன்றைய நுழைவுத்தேர்வு உலகத்தில் இப்படி ஒரு பதிலை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

கலாபவனத்தின் அந்தக் காலத்து ஏற்பாடும் இதற்கு இடம் கொடுத்தது. கட்டாயப் பாடத்திட்டத்தைவிடத் தினசரி வேலைக்கு மதிப்பு அதிகம். ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து வரைவார்கள். வெளியே போய்ப் பீர்பூம் மாவட்டத்துச் செம்மண் தரை, பனைமரம், சந்தால் கிராமம் எல்லாவற்றையும் கோட்டோவியமாக எடுத்து வருவார்கள். நூலகத்தில் சீன, ஜப்பானிய ஓவியங்களைப் பற்றிய புத்தகங்கள் இருந்தன. பினோத் பிஹாரி அந்த நூலகத்தில் மூழ்கிக் கிடந்தார். பின்னால் அங்கேயே ஆசிரியரும் ஆனார். 1937-38-இல் ஜப்பானுக்கும் போய்வந்தார்.

ஜப்பானிலும் சீனாவிலும் சுருள் ஓவியம் என்று ஒன்று உண்டு. பல அடி நீளமுள்ள பட்டையை ஒரு பக்கம் விரித்து மறுபக்கம் சுருட்டிக்கொண்டே பார்ப்பது. ஒரே பார்வையில் முழுதும் தெரியாது. நடந்துபோகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியும். கிட்டே வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற கண் உள்ளவருக்கு, இது எவ்வளவு பொருத்தமான பாடம் பாருங்கள்!

ஈரச் சுவர் காத்திருக்காது

1940-இல் கலாபவனத்து விடுதியின் உட்கூரையில் ஒரு பெரிய ஓவியம் தீட்டினார். நடுவிலே ஒரு குளம். அதைச் சுற்றிப் பீர்பூம் கிராமம்: மரங்கள், குடிசைகள், மாடுகள், வேலை செய்யும் ஜனங்கள். 1942-இல் சீனபவனத்தில் வளாக வாழ்க்கையை வரைந்தார். மூன்றாவதாக, 1946-47-இல் ஹிந்தி பவனத்தில் இடைக்கால பக்தர்களைப் பற்றிய சுவரோவியம். மூன்று சுவர்களின் மேற்பகுதியில் நீண்டு ஓடுகிற ஓவியம். நாடு சுதந்திரம் பெறும் தறுவாயில், மதக்கலவரத்தில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்த வங்காளத்தில், அவர் எடுத்துக்கொண்ட பொருள் பக்தி இயக்கம்!

நம்மவர்களுக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. கபீர், சூர்தாஸ், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங் இவர்களோடு நம் ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜரும் அந்தச் சுவரில் இருக்கிறார். மகான்கள் பீடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. ஜனக்கூட்டம், தெரு, வீடு, தொழில் இவற்றின் நடுவே, ஆற்று வெள்ளத்தில் வருகிறவர்கள் போல வருகிறார்கள்.

அந்த ஓவியத்தின் செய்முறையைப் புரிந்துகொண்டால்தான் அவர் யார் என்று தெரியும். சுவரில் சுண்ணாம்புக் காரை பூசி, அது ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தை ஏற்ற வேண்டும். காரை காயும்போது வண்ணத்தையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களும் இப்படி ஈரச் சுண்ணத்தின்மேல் தீட்டியவை என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதில் சங்கடம் என்னவென்றால், அன்றன்றைக்குப் பூசின பகுதியை அன்றன்றைக்கே முடித்தாக வேண்டும். காய்ந்த பிறகு திருத்தம் கிடையாது. தப்பானால் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். அதனால் ஓவியர்கள் சாதாரணமாக முழு அளவில் ஒரு மாதிரிப் படம் போட்டு வைத்துக்கொண்டு, அதைச் சுவரில் பிரதி எடுப்பார்கள்.

பினோத் பிஹாரி ஹிந்தி பவனத்தில் அப்படி முழு அளவு மாதிரி போடவில்லை. நேராகச் சுவரில் வரைந்தார். ஓர் ஓவியர் நாலு அடி பின்னால் போய் நின்று, கண்ணைச் சுருக்கி, மொத்தமும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பாரே, அந்த வசதி அவருக்கு இல்லை. பின்னால் போனால் சுவர் மங்கிவிடும். ஆகவே மொத்த ஓவியமும் மனசுக்குள் இருக்க வேண்டும். நேற்று அந்த மூலையில் விட்ட கோடு இன்று எந்த உயரத்தில் வந்து சேர வேண்டும் என்பதைக் கண் சொல்லாது, நினைவும் கையும்தான் சொல்ல வேண்டும்.

பார்வை போவதற்குப் பத்து வருஷம் முன்பே, பார்வையை முழுக்க நம்பாமல் வேலை செய்ய அவர் பழகியிருந்தார் என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். அதே சுவரில் கண் தெரியாத பாடகர் என்று மரபு சொல்லும் சூர்தாசரையும் வரைந்தார். வரைந்தபோது தனக்கு வரப்போவது அவருக்குத் தெரியாது. அதை வைத்துக் கதை கட்ட வேண்டாம். செய்முறையைப் பார்த்தாலே போதும்.

1957

1940-களின் இறுதியில் சாந்திநிகேதனை விட்டுக் கிளம்பினார். நேபாளத்தில் காட்மாண்டு அரசு அருங்காட்சியகம், பிறகு ராஜஸ்தானில் வனஸ்தலி, பிறகு மசூரி. மசூரியில் மனைவி லீலாவோடு சேர்ந்து கலைப் பயிற்சி நிலையம் ஒன்றை ஆரம்பித்தார். லீலாவும் கலாபவனத்தில் படித்தவர், சிற்பி. அது நீடிக்கவில்லை. பாட்னாவில் சிறிது காலம் வேலை. 1957-இல் இருந்த ஒரு கண்ணிலும் கண்புரைக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அது கைகொடுக்கவில்லை. 53-ஆவது வயதில் பார்வை முற்றிலும் போயிற்று.

மனைவியும் சின்னப் பெண்ணும் உள்ள ஓர் ஓவியர். கண் போய்விட்டது. நம் வீட்டில் இப்படி நடந்தால் என்ன சொல்வோம்? "போதும், இவ்வளவு நாள் உழைச்சாச்சு, இனிமே நிம்மதியா உட்காருங்க" என்போம். அன்பாகத்தான் சொல்வோம். ஆனால் அந்த அன்பிலே ஒரு கதவை மூடிவிடுகிறோம் என்பது நமக்குத் தெரியாது.

சாந்திநிகேதன் கதவை மூடவில்லை. 1958-இல் அவர் கலாபவனத்துக்கே திரும்பி வந்தார், கலை வரலாறு கற்பிக்கும் ஆசிரியராக. யோசித்துப் பாருங்கள்: பார்வையற்ற ஒருவரிடம் ஓவிய வரலாற்றுப் பாடம்! வருஷக்கணக்கில் புத்தகங்களிலும் கோயில்களிலும் ஜப்பானிலும் மிக அருகில் வைத்துப் பார்த்த படங்கள் அவருக்குள் இருந்தன. பார்வை உள்ள மாணவர்கள் ஒரு படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லித் தந்தார். இது கருணையால் கொடுத்த உத்தியோகம் இல்லை. அவரிடம் இருந்த சரக்கு வேறு யாரிடமும் இல்லை என்பதால் கொடுத்தது.

அவரும் பாடம் சொல்வதோடு நிற்கவில்லை. கையால் மெழுகைப் பிசைந்து சிறு உருவங்கள் செய்தார். காகிதத்தை மடித்து பொம்மை செய்தார். கறுப்பு மையில் கோட்டோவியம் வரைந்தார். வண்ணக் காகிதங்களைக் கத்தரித்து ஒட்டிப் படம் செய்தார். எது எந்த நிறம் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது வர வேண்டும் என்பதை அவர் சொல்வார். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு பிரான்சில் மத்தீஸ் என்ற பெரிய ஓவியரும், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, சக்கர நாற்காலியில் இருந்தபடி வண்ணக் காகிதம் கத்தரித்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பிற்காலப் படைப்புகளைப் பார்த்துவிட்டு, "அடடா, கண் இல்லாமலே இவ்வளவா!" என்று ஆச்சரியப்படுவது சுலபம். ஆனால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. படங்களைப் படங்களாகப் பாருங்கள். பழைய வேலையில் மெல்லிய கோடுகளும் நிழல்போன்ற சாயல்களும் அதிகம். பிற்கால வேலையில் அழுத்தமான விளிம்பு, பட்டையான நிறம், குறைந்த உருவம். பழசின் குறைபட்ட பிரதி அல்ல இது, வேறு ஒன்று. பார்வையின்மையை வெறும் இழப்பாக இல்லாமல், புதிதாக வாய்த்த ஓர் அனுபவ நிலையாகவே அவர் பேசினார். அப்படிப் பேசுவதற்கான உரிமை அந்த வேலையிலிருந்து அவருக்குக் கிடைத்தது.

1972-இல் கலாபவனத்தில் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய சுவரோவியம் செய்தார். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் காமிராவோடு வந்தார். 1940-இல் கலாபவனத்தில் சேர்ந்து, படிப்பை முடிக்காமலே 1942-இல் கல்கத்தா திரும்பிய பழைய மாணவர்: சத்யஜித் ராய். ராய் எடுத்த 'தி இன்னர் ஐ' என்ற சிறு ஆவணப்படம் 1972-இல் வெளிவந்தது. ஏறக்குறைய இருபது நிமிஷம்தான். கழிவிரக்கம் ஒரு துளி இல்லாத படம். 1974-இல் பத்மவிபூஷண் வந்தது. வங்காளியில் 'சித்ரகர்' என்ற தன்வரலாற்று நூலும் எழுதினார்.

நம் பக்கத்து மாணவர்

இந்தக் கதையில் தமிழுக்கு ராமானுஜரைத் தவிர இன்னொரு தொடர்பும் உண்டு. கே. ஜி. சுப்பிரமணியன். 1924-இல் வடகேரளத்துக் கூத்துபறம்பில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது 1942 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சேர்ந்து சிறை சென்றார். வெளியே வந்தால் அரசாங்கக் கல்லூரிகளின் வாசல் அவருக்கு மூடியிருந்தது. படிப்பு பாதியில் நின்றுபோன அந்த இளைஞர் 1944-இல் சாந்திநிகேதன் வந்தார். பினோத் பிஹாரியிடம் படித்தார். ஹிந்தி பவனத்துச் சுவரில் குருவுக்கு உதவிய மாணவர்களில் ஒருவரானார்.

பிறகு பரோடாவில் ஆசிரியர். ஒரு தலைமுறை ஓவியர்களை உருவாக்கினார். லக்னோவில் ரவீந்திராலயா கட்டடத்தில் 1963-இல் சுடுமண் ஓடுகளால் ஒரு பெரிய சுவரோவியம் செய்தார். அதற்கு எடுத்துக்கொண்டது தாகூரின் 'ராஜா' நாடகம். இருட்டறையில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அரசனின் கதை! பினோத் பிஹாரியின் மகள் மிருணாளினி பரோடாவில் சுப்பிரமணியனிடம் படித்து, சணல் கயிற்றை முடிச்சுப் போட்டுச் சிற்பம் செய்யும் பெரிய கலைஞராக வளர்ந்தார். 2015-இல் மறைந்தார். 1980-இல் சுப்பிரமணியன் சாந்திநிகேதனுக்கே ஆசிரியராகத் திரும்பினார். குருவின் 'சித்ரகர்' நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 2006-இல் வெளிவந்தது. கலாபவன வளாகத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு கட்டடம் முழுக்க அவர் வரைந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். எண்பது வயதுக்கு மேல் அதை மறுபடியும் வரைந்தார். 2016-இல் காலமானார்.

அப்பாவிடம் கற்றவர் மகளுக்குக் கற்றுக்கொடுத்தார். சிறை சென்ற காரணத்தால் ஒதுக்கப்பட்ட மாணவரை ஓர் இடம் சேர்த்துக்கொண்டது. அரைப் பார்வை மாணவரை அதற்கு முன்பே சேர்த்துக்கொண்டிருந்தது. தனிமனிதரின் மறுமலர்ச்சி என்று நாம் சொல்வதற்குப் பின்னால் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

எனக்கும் இதற்கும் என்ன

முதலில் சொன்ன சொந்தக் காரணம் இதுதான். மத்திய அரசு தணிக்கைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற சில வருஷத்தில் கண்ணில் கிளாக்கோமா என்று டாக்டர் சொன்னார். போன பார்வை திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து போட வேண்டும், அவ்வளவுதான். வலது கண்ணின் பக்கப் பார்வை போய்விட்டது. பொடி எழுத்து படிக்க முடியாது. எண்களையே பார்த்து வாழ்ந்தவனுக்கு அது என்ன மாதிரி இருக்கும் என்று விவரிக்க விரும்பவில்லை. ஒரு வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் எதிர் ஃப்ளாட் வங்காளிப் பெண், கல்லூரியில் படிக்கிறவள், 'சித்ரகர்' புத்தகத்தைச் சாயங்கால வேளைகளில் எனக்கு வாசித்துக் காட்டினாள். "மேஷோமோஷாய், போர் அடிக்குதா?" என்று நடுநடுவே கேட்பாள். வங்காளியில் மேஷோமோஷாய் என்றால் சித்தப்பா, பெரியப்பா மாதிரி. போர் அடிக்கவில்லை. அதைக் கேட்டுத்தான் மேலே எழுதினதை எல்லாம் தேடித் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன்.

சின்ன வயசில் மாயவரத்தில் நாலு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டவன் நான். வேலை கிடைத்துக் கல்கத்தா வந்ததோடு அது நின்றது. நாற்பது வருஷம் தொடவில்லை. நம் சங்கத்துச் சனிக்கிழமை பஜனைக்கு வாசிக்க ஆள் இல்லை என்று நண்பர்கள் இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். முதல் நாள் ஆதி தாளத்துப் பாடமே தடுமாறியது. மூன்றாவது வாரம், நான் யோசிக்காத ஒரு தீர்மானம் விரலில் தானாக வந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். என் கண் சரியாகவில்லை. சொட்டு மருந்து இன்னும் போடுகிறேன். நான் கலைஞனும் இல்லை. வாரத்தில் ஒரு நாள் எனக்காக ஒரு பாய் விரித்திருக்கிறது, அந்த இடத்தில் என் கைக்கு வேலை இருக்கிறது. அந்த அளவில்தான் என் மறுமலர்ச்சி.

பினோத் பிஹாரியோடு என்னை ஒப்பிடவில்லை. ஆனால் அவர் வாழ்க்கையிலிருந்து நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களும் எடுத்துக்கொள்ளக்கூடியது உண்டு. குழந்தைகளைப் பாட்டு வகுப்புக்கும் பரதநாட்டிய வகுப்புக்கும் அனுப்புகிறோம். பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்திவிடுகிறோம். சங்கப் போட்டியில் கோப்பை வாங்கினதோடு அதன் பயன் முடிந்தது என்று நினைக்கிறோம். அந்த நாலைந்து வருஷப் பயிற்சி கையில் எங்கேயோ இருந்துகொண்டுதான் இருக்கிறது. அறுபது வயதில், ஒரு மரணத்துக்குப் பிறகோ ஒரு வியாதிக்குப் பிறகோ, அது தேவைப்படலாம். அப்போது அதை எடுத்து வைக்க ஓர் இடம் இருக்க வேண்டும்.

அந்த இடம் புலம்பெயர்ந்த ஊரில் சங்கத்தைத் தவிர வேறு எது? நம் உறுப்பினர்களில் பழைய வீணைக்காரர்கள் இருக்கிறார்கள். கோலத்தில் கைதேர்ந்த மாமிகள் இருக்கிறார்கள். நாடகத்தில் நடித்தவர்கள், தேவாரம் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆண்டு விழாவில் முன்வரிசை நாற்காலியும் பொன்னாடையும் கொடுத்து அவர்களைக் கௌரவிக்கிறோம். நல்லதுதான். அதோடு ஒரு வேலையும் கொடுக்க வேண்டும். கலாபவனம் 1958-இல் செய்தது அதைத்தான்: பொன்னாடை போர்த்தி அனுப்பவில்லை, வகுப்பு எடுக்கச் சொன்னது.

2023 செப்டம்பரில் யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அடுத்த தடவை ஊரிலிருந்து உறவினர் வந்தால், கைப்பைக் கடைக்குப் போகும் முன் கலாபவனத்துப் பக்கம் அழைத்துப் போங்கள். உள்ளே பார்க்க அனுமதி கேட்க வேண்டியிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். 1940 உட்கூரை, 1942 சீனபவனம், 1946-47 ஹிந்தி பவனம், 1972 பீங்கான் ஓடு என்று வருஷ வரிசையில் பார்ப்பது நல்லது. மூன்றாவதற்கும் நாலாவதற்கும் இடையில் ஒருவருக்குக் கண் போயிற்று என்பதைக் கூட வருகிற குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். முதலில் அவர்கள் படங்களைப் பார்க்கட்டும்.